பச்சைத் தண்ணீர்

தாம்பரம்
10-6-2024

என் அன்பான அக்காவுக்கு,

சினேகா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அவரும் ஜெரூஷாவும் இருக்கிறோம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? ஏற்காட்டுக் குளிருக்கு அந்த நீலச் சால்வையைப் போர்த்திக்கொள்கிறாயா, இல்லை அதையும் விடுதிப் பெண்களில் எவளுக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டாயா?

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய். என்ன செய்ய? என் போன் செத்துப்போய்விட்டது. இருக்கிற ஒரு போன் பகலெல்லாம் அவரோடு ஊர் சுற்றுகிறது. அவர் வந்தபிறகு உன்னைக் கூப்பிட்டால் உன் விடுதிச் சுவருக்குள் சிக்னல் நுழைவதில்லை. நுழைந்தாலும் ஜெப வேளை என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுசாகச் சொல்லலாம்.

நீ அனுப்பின ஊறுகாய் கிடைத்தது. நன்றாக இருந்தது.

ஜெரூஷாவுக்கு ஐந்து மாதம் முடிந்தது. தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எடை ஐந்து கிலோ நானூறு. போன மாதமும் அதேதான். அங்கே இருக்கிற டாக்டர் அனுப்பிரியா எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கோடு படுத்துக்கிச்சே? அடுத்த தடவை ஏறியே ஆகணும்" என்றார். அடிக்கடி வயிறு போகிறது. பல் முளைக்கப் போகிறது, அதனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இனிமேல் கடிதத்தைச் சபை விலாசத்துக்குப் போடு. ஆலயத்தில் மணி அடிக்கிற சுவிசேஷமுத்து அண்ணன் வாங்கி வைத்துக் கொடுப்பார். தபால்காரர் எங்கள் மாடிக்கு ஏறுவதே இல்லை.

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் தங்கை,
சினேகா


ஏற்காடு
17-6-2024

சினேகாவுக்கு அக்கா ஜெயசீலி எழுதுவது.

நானும் என் எண்பது பெண்களும் சுகம். மூட்டுவலி மட்டும் ஜெபத்துக்கும் அசையவில்லை, தைலத்துக்கும் அசையவில்லை. சால்வையைப் பற்றிக் கேட்காதே.

ஏண்டி, பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்பதை ஊறுகாய்க்குக் கீழேயா எழுதுவாய்? முதல் வரியில் எழுத வேண்டிய சங்கதி அல்லவா அது? அம்மா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். ஒரு வயதில் நீ பூசணிக்காய் மாதிரி இருந்தாய். இடுப்பில் வைத்தால் என் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு என்ன கேடு?

மறைமலை நகர் கம்பெனி மாப்பிள்ளை, சேலையூரில் மாடி வீடு, குழாயைத் திறந்தால் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தானே உன்னைக் கட்டிக் கொடுத்தேன்? ஜெபகுமார் கை நிறையச் சம்பாதிக்கிறான். ஒரு பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைக்க முடியவில்லையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தாய் தின்றால்தான் பிள்ளைக்குப் பால் ஊறும். சோம்பல்பட்டுக்கொண்டு காலைச் சோற்றை மத்தியானம் தின்கிறவள் நீ, எனக்குத் தெரியாதா?

ஒரு பார்சல் வருகிறது. சத்துமாவு நானே வறுத்து அரைத்தது. இந்த எண்பதும் அதைத் தின்றுதான் கழுதை மாதிரி கத்துகின்றன. ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடு. நெய்யை மாப்பிள்ளை தோசைக்கு ஊற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

அடுத்த கடிதத்தில் எடை முதல் வரியில் இருக்க வேண்டும்.

அக்கா


தாம்பரம்
5-8-2024

அன்பான அக்காவுக்கு,

ஐந்து கிலோ எழுநூறு. முதல் வரியில் எழுதிவிட்டேன்.

நீ சுகமா? இங்கே எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஜெரூஷாவுக்கு நடுவில் உடம்பு சரியில்லை.

உன் மாவு அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது அக்கா. கிண்ணத்தைக் கண்டாலே காலை உதைக்கிறாள். கொடுத்த முதல் வாரம் முகம் தெளிந்தது. தொடையில் ஒரு மடிப்புக்கூட விழுந்தது. நான் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் மறுபடி வயிறு போக ஆரம்பித்துவிட்டது. ஏறினது முக்கால்வாசி அதிலேயே போயிற்று. உப்பு சர்க்கரைப் பொடி கரைத்துக் கொடுத்தேன், அதைக் குடித்தாள். பக்கத்து வீட்டு அம்மணி அக்கா வந்து, "இன்னாம்மா, கொயந்த வத்தலாட்டம் கீது? கண்ணு பட்டுகினு கீது, சுத்திப் போடு" என்று சொல்லி மிளகாயும் கையுமாக நின்றாள். நாம் அதெல்லாம் செய்வதில்லை என்றேன். "வுடு, உங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சுற்றிப் போட்டுவிட்டே போனாள்.

நான் சோம்பேறி இல்லை அக்கா. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை,
சினேகா


ஏற்காடு
14-8-2024

சினேகாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை. துணி காயவில்லை. எண்பது பாவாடை நாறுகிறது.

யார் அந்த அம்மணி? மாடியில் நீங்கள் ஒரு குடும்பம்தானே இருந்தீர்கள்? பக்கத்து வீடு எங்கிருந்து முளைத்தது? மிளகாய் சுற்றினதை ஆண்டவர் மன்னிப்பார். ஆனால் இரண்டு மாதத்தில் முந்நூறு கிராம் என்பதை நான் மன்னிக்கமாட்டேன்.

கஞ்சி கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கு வயிறு போகிறது? நீ கிண்டுகிற லட்சணம் அப்படி. அடி பிடிக்கவிட்டு, கட்டி கட்டியாக, ஆறினதைத் திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்திருப்பாய். இன்னொரு பார்சல் அனுப்புகிறேன். இந்தத் தடவை கேழ்வரகு முளைகட்டி அரைத்தது.

உங்கள் சபையில் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை வருமே, அதில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைப்பார்கள். ஜெரூஷா பேரைக் கொடு. பரிசுக்காக இல்லை. நாலு பேர் முன்னால் மேடையில் தராசில் வைக்கப் போகிறோம் என்ற பயமாவது உனக்கு இருக்கட்டும்.

இதையும் கேட்டுக்கொள். கிறிஸ்துமஸ் லீவுக்குள் பிள்ளை தேறவில்லை என்றால், தூக்கிக்கொண்டு வந்து நானே வளர்ப்பேன். சொன்னால் செய்கிறவள் நான். உனக்குத் தெரியும்.

அக்கா


தாம்பரம்
20-9-2024

அன்பான அக்காவுக்கு,

ஏழு கிலோ.

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கேழ்வரகு மாவு வந்தது. கட்டியில்லாமல்தான் கிண்டுகிறேன். போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். வயிற்றுத் தொந்தரவு இப்போது இல்லை. அவர் வேலைக்குப் போய் வருகிறார், உன்னை விசாரித்ததாகச் சொன்னார்.

வேறு விசேஷம் இல்லை. நேரமில்லாததால் இதோடு முடிக்கிறேன்.

சினேகா


தாம்பரம்
4-11-2024

என் அக்காவுக்கு,

நீ வந்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. பத்திரமாகச் சேர்ந்தாயா? உடம்பு எப்படி இருக்கிறது? வேறு எதுவும் எழுத வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது, போதும்.

நீ இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் ஆயுத பூஜை லீவில் பஸ் ஏறி, அறுப்பின் பண்டிகைப் பந்தலில் முதல் வரிசையில் போய் உட்காருவாய் என்று நான் கனவா கண்டேன்? குழந்தைகள் பேரை எல்லாம் கூப்பிட்டு முடித்தும் ஜெரூஷா பேர் வரவில்லையே என்று நீ சேலையூர் வீட்டுக்குப் போனாயாம். அங்கே வேறு யாரோ கதவைத் திறந்தார்களாம். சுவிசேஷமுத்து அண்ணன்தான் உன்னை இந்த இரும்புலியூர் லைன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாராம். பாவம், அவர்மேல் கோபப்படாதே. நான்தான் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

வாசலில் நீ நின்றபோது நான் ரப்பர் வாஷர்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் மூட்டையாகக் கொடுப்பார்கள், வீட்டிலேயே வெட்டிக் கொடுக்கலாம். ஜெரூஷா அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்திருந்தாள். நீ அவளைத் தூக்கி, கையிலேயே எடை பார்த்தாய். அதன்பிறகு பேசினாய். எல்லாம் பேசினாய். மாப்பிள்ளைக்கு வேலை போனதை மறைத்தவள், எடையில் பொய் சொன்னவள், பிள்ளையைக் குப்பையில் போட்டவள். லைனில் இருக்கிற ஏழு வீடும் கேட்டது.

உனக்குச் சோறுகூடப் போடவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

ஒரு வரி எழுது அக்கா.

சினேகா


ஏற்காடு
12-11-2024

சினேகாவுக்கு,

சுகமில்லை. அதனால்தான் எழுதவில்லை. கோபத்தால் இல்லை. கோபமும் இருந்தது, ஆனால் பேனா பிடிக்கத் தெம்பில்லை.

திரும்பி வந்த மறுநாள் ஆரம்பித்தது. சமையல்காரி எனக்குத் துணியைத் துவைத்துப் போட்டே ஓய்ந்துவிட்டாள். அப்புறம் ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். நாலு கிலோ இறங்கிவிட்டேன். ரவிக்கை எல்லாம் தொளதொள. என் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு மோசமாக இருந்தேன். டாக்டர், "வெளியில எங்கேயாவது பச்சைத் தண்ணி குடிச்சீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை, என் தங்கை வீட்டில் தவிர எங்கேயும் குடிக்கவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் என் மரமண்டையில் ஏறியது.

ஒரு தம்ளர், சினேகா. ஒரே ஒரு தம்ளர். எருமை மாதிரி இருக்கிற என்னைக் கட்டிலில் போட்டுவிட்டது. அந்தப் பிள்ளை ஆறு கிலோகூட இல்லை. அவள் அதில்தான் கஞ்சி குடிக்கிறாள், அதில்தான் குளிக்கிறாள், அதில் கழுவின கிண்ணத்தில்தான் தின்கிறாள். நான் இங்கே உட்கார்ந்துகொண்டு மாவை வறுத்து வறுத்து அனுப்பினேன். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குடத்தைத் திட்டின கதை.

உன் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது, கக்கூஸ் தொட்டி எங்கே இருக்கிறது என்று நான் அன்று பார்க்கவே இல்லை. உன்னைத் திட்டுவதிலேயே கண்ணாக இருந்தேன். சுவிசேஷமுத்துவிடம் போன் போட்டுக் கேட்டேன். ஒரு குழந்தை தவழ்கிற தூரம்தான் என்கிறார்.

இனி நான் மாவு அனுப்பப் போவதில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்துவிடு. இங்கே தண்ணீர் நல்லது, பால் நல்லது, ஆள் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும். யோசித்துக்கொண்டிருக்காதே.

அக்கா


தாம்பரம்
22-11-2024

அக்காவுக்கு,

நீ எழுந்து உட்கார்ந்தது சந்தோஷம். கஞ்சியும் மோருமாகக் குடி. ஆண்டவர் உன்னைக் காத்தார்.

பிள்ளையைத் தரமாட்டேன்.

தண்ணீர்தான் காரணம் என்று நீ எனக்குக் கண்டுபிடித்துச் சொல்கிறாயா? டாக்டர் அனுப்பிரியா ஜூலையிலேயே சொல்லிவிட்டார். "சாப்பாட்டுல குறையில்ல, வயித்துல தங்கல. தண்ணிய மாத்துங்க, இல்ல வீட்ட மாத்துங்க" என்றார். மாத்திரையை மாற்றச் சொல்வது போலச் சொன்னார். குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிறேன். மாதக் கடைசியில் அது இருப்பதில்லை. காய்ச்சுகிறேன். சிலிண்டர் பாதி தண்ணீருக்கே போகிறது. ஊர்ப்பட்ட ஜாக்கிரதையும் பண்ணிவிட்டு நிமிர்ந்தால், ஜெரூஷா ஈரத் தரையில் தவழ்ந்து போய், அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். என்ன செய்யச் சொல்கிறாய்? கையைக் கட்டிப் போடவா?

வீடு மாற்று, வீடு மாற்று என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல தண்ணீர் இருக்கிற வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது "எந்த கம்பெனி?" என்றுதான். இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கொடுக்கிறார் என்றதும், "சொல்லி அனுப்பறோம்" என்கிறார்கள். இதுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.

வேலை போனதை உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்டாயே. உன் ஒவ்வொரு கடிதத்திலும் "கம்பெனி மாப்பிள்ளை, கம்பெனி மாப்பிள்ளை" என்று எழுதினாயே, அதனால்தான். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து வைப்பதை நீ பார்த்திருக்க வேண்டும்.

இருக்கிறது இவள் ஒருத்திதான். அவளையும் கொடுத்துவிட்டு நான் யாருக்கு வாஷர் வெட்டுவது?

சினேகா


ஏற்காடு
15-1-2025

அன்புள்ள சினேகாவுக்கு,

ஏழு கிலோ! நம் விடுதித் தராசில், சட்டையைக் கழற்றிவிட்டு நிறுத்தது. பொய் இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அவன் கால் கட்டு எப்போது பிரிப்பார்களாம்? அந்த மழை ராத்திரியில் வெள்ளத்தில் பள்ளம் தெரியாமல் வண்டியோடு விழுந்து கால் ஒடிந்தது ஒரு கஷ்டம் என்றால், அதே வாரம் தொட்டி பொங்கி வீட்டுக்குள் வந்து ஜெரூஷா ஆஸ்பத்திரியில் கிடந்தது இன்னொரு கஷ்டம். நர்ஸ் போனிலிருந்து நீ கூப்பிட்டு, "வந்து தூக்கிட்டுப் போயிடு" என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தரமாட்டேன் என்று எழுதினவள் தருகிறேன் என்று சொன்னபோது நான் ஜெயித்த மாதிரி உணரவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

பிள்ளை இங்கே வந்து ஒருநாள்கூட வயிறு போகவில்லை. அதே மாவுதான். அதே கேழ்வரகுதான். கன்னம் உப்பிவிட்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கையை விட்டுவிட்டு ஓர் அடி வைத்தாள், எண்பது பெண்களும் கத்தின கத்தில் பயந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்று சொன்னால் சிரிப்பாய். என்னை "அம்மா" என்கிறாள்! விடுதியில் எல்லாப் பெண்களும் என்னை அம்மா என்பதால் இவளும் பிடித்துக்கொண்டாள். கிழவிக்கு இந்த வயதில் இந்த யோகம்.

புது வேலை எப்படி இருக்கிறது? குரோம்பேட்டையில் நின்றுகொண்டே பேக்கிங் செய்வது என்றாயே, கால் வீங்கப் போகிறது. உப்பு வெந்நீரில் வை.

அக்கா


தாம்பரம்
18-2-2025

அக்காவுக்கு,

ஜெரூஷா சுகம் என்று தெரிந்து சந்தோஷம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அவருக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். கம்பு ஊன்றி நடக்கிறார்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அந்த ஓர் அடி வைத்ததைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு அப்புறம் படிக்கவும் முடியவில்லை. அதை விடு.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் சத்யநாராயணன் வாடகை வாங்க வந்தார். வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகியும் தொட்டியைச் சரி பண்ணவில்லை. நாங்கள் ஏழு வீட்டுப் பெண்களும் வாசலில் நின்றோம். அம்மணி அக்கா கிணற்றுத் தண்ணீர் வருகிற குழாயில் ஒரு தம்ளர் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"குடி சார். எங்க புள்ளைங்க டெய்லி குடிக்கிறதுதான். நீ ஒரு தபா குடிச்சிக் காட்டு, நாங்க வாய மூடிக்கினு வாடகைய குட்துடறோம்."

அவர் தம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வெளியில எதுவும் சாப்பிடறதில்லம்மா, சுகர் இருக்கு" என்றார்.

"தண்ணியில இன்னா சார் சக்கர கீது?" என்றாள் அம்மணி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிடிக்கலேன்னா காலி பண்ணுங்க. ஆளுங்க க்யூவுல நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். தொட்டி அப்படியே இருக்கிறது. பேஜாராகப் போய்விட்டது என்று எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அதே தண்ணீரில்தான் உலை வைத்தோம்.

அந்தத் தம்ளர் படியிலேயே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் நினைவுதான் வந்தது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று நீ திட்டிக்கொண்டே, "தொண்டை காயுது, தண்ணி கொடு" என்றாய். நான் பிள்ளைக்குக் காய்ச்சி வைத்திருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்தேன். "வெந்நீர் யாருக்கு வேணும், நான் என்ன நோயாளியா?" என்று நீயே குடத்தில் மொண்டுகொண்டாய். வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்போது நீ, "கொஞ்சம் பொறுப்பா இருந்தா பிள்ளை ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். குடிக்கட்டும் என்று நினைத்தேன். நீ கடைசிச் சொட்டு வரை குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது தெரிந்துகொள். திட்டுவதென்றால் திட்டு. பிள்ளையை மட்டும் அதற்காக என்னிடமிருந்து பிரித்துவிடாதே.

சினேகா


ஏற்காடு
25-2-2025

அடி பாவி!

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. கடிதத்தைப் படித்துவிட்டு நான் விடுதி முற்றத்தை ஆறு தரம் சுற்றி வந்தேன். மூட்டுவலிகூடத் தெரியவில்லை, அவ்வளவு ஆத்திரம். சலைன் ஏறின கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். கூடப் பிறந்தவளுக்கு இப்படியும் ஒரு மனசா?

அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா? "நான் பார்க்காத தண்ணியா, கொடுடி" என்று இன்னொரு தம்ளர் சேர்த்துக் குடித்திருப்பேன். நீ முதல் கடிதத்திலிருந்தே வயிறு போகிறது, வயிறு போகிறது என்று எழுதினாய். நான் காது கொடுக்கவில்லை. அந்தத் தம்ளர்தான் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னது.

ஆனாலும் கொஞ்ச காலம் உன்மேல் கோபமாகத்தான் இருப்பேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு. நீ குறுக்கே வராதே.

பிள்ளையை உன்னிடமிருந்து பிரிக்க நான் யார்? உன்னை வளர்த்துவிட்டு இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தவள் நான். கொடுப்பது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் என்னை அம்மா என்பதை உனக்குச் சிரிப்பு மூட்ட எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. நல்ல தண்ணீர் இருக்கிற இடம் ஒன்று பார். அது குடிசையாக இருந்தாலும் சரி. சொன்ன மறுநாள் பிள்ளையோடு பஸ் ஏறுகிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல், அவன் எந்த வேலை பார்த்தாலும் எனக்கு மாப்பிள்ளைதான்.

அக்கா


படப்பை
21-4-2025

என் அன்பான அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேரில் வாழ்த்துகள். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? என்மேல் இருக்கிற கோபம் எப்படி இருக்கிறது? இரண்டையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

விலாசத்தைப் பார்த்திருப்பாய். இவருக்கு ஒரகடத்தில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. இதுவும் காண்ட்ராக்ட்தான். எத்தனை மாதம் என்று தெரியாது. கால் கொஞ்சம் இழுக்கிறது, அதனால் நிற்கிற வேலைக்கு எடுக்கவில்லை. அவர் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டோம். வீடு என்று சொல்ல முடியாது. தகரக் கூரை. மத்தியானம் உள்ளே இருந்தால் அப்பளமாகப் பொரிந்துவிடுவோம். கக்கூஸ் வெளியே, ரொம்பத் தள்ளி இருக்கிறது. அது நல்லதுதான் என்று இப்போது தெரிகிறதே. நான் குரோம்பேட்டை வேலையை விட்டுவிட்டேன். இங்கே வாஷர் கொடுப்பவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

இரும்புலியூரிலிருந்து கிளம்பும்போது அம்மணி அக்கா மூட்டை கட்டிக் கொடுத்தாள். அவள் சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் ஜெரூஷாவின் பழைய சட்டை அவனுக்குப் பத்துகிறது. அதை அவனுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். "நீ போய்க்கினே இரு, எங்களுக்குப் பயகிப் போச்சு" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு அன்று சாயங்காலமே வேறு குடும்பம் வந்துவிட்டது. அந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள்.

இங்கே பொதுக் கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் கண்ணாடி மாதிரி இருப்பதை எல்லாம் நம்புகிற காலம் எனக்குப் போய்விட்டது. அதனால் உனக்கு உடனே எழுதவில்லை. வந்த நாளிலிருந்து நான் மட்டும் காய்ச்சாமல் பச்சைத் தண்ணீராகவே குடித்துப் பார்த்தேன். அவருக்கும் கொடுக்கவில்லை, வேலைக்குப் புதிதாகப் போகிறவர். காலையில் ஒரு செம்பு, மத்தியானம் ஒரு செம்பு. மூன்று வாரம் ஆகிறது. வயிற்றில் ஒன்றும் இல்லை. ஜெரூஷாவுக்குக் காய்ச்சித்தான் கொடுப்பேன், பயப்படாதே. அவள் கையில் படப்போவதும் தரையில் கிடக்கப்போவதும் பச்சைத் தண்ணீர்தானே, அதற்காகத்தான் குடித்துப் பார்த்தேன்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா அக்கா.

இதோடு என் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது ஐடி கார்டுக்காக எடுத்தது. சிரிக்காதே என்று சொல்லி எடுத்தார்கள், அதனால் முகம் உம்மென்று இருக்கிறது. பரவாயில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளிடம் காட்டிக்கொண்டே வா. இதுதான் அம்மா என்று சொல்லிக் கொடு.

உன் தங்கை,
சினேகா